அறுநூறு தட்டும் டொக்கு

என் அண்ணனுக்குப் பீங்கான் தட்டு, கோப்பை, கிண்ணம் மொத்த வியாபாரம். கடைக்கு வருகிறவர்களிடம், "தம்பி. செயற்கை நுண்ணறிவுல இருக்கான்" என்று என்னை அறிமுகப்படுத்துவார். ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்பதைச் சொல்லும் அதே குரலில்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அதற்கு முன் கடைக்காக இரண்டு திட்டங்கள் போட்டிருந்தேன். முதலாவது, வாசலில் ஒரு கேமரா. ஒரு நாளைக்கு எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள் என்று அது எண்ணும். முதல் நாளே நூற்று எண்பது பேர் என்றது. துள்ளிக் குதித்தேன். பதிவை ஓட்டிப் பார்த்தால் அதில் நூற்று நாற்பது பேர் அண்ணன். எதிர்க்கடையில் எவ்வளவு கூட்டம் என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பத் திரும்ப உள்ளே வந்த அண்ணன். இரண்டாவது, போனில் விலை விசாரிப்பவர்களுக்குத் தானாகவே பதில் போடும் மென்பொருள். அண்ணன் பத்து வருஷமாக வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய பதில்களை எல்லாம் ஊட்டி அதைப் பழக்கினேன். நன்றாகவே கற்றுக்கொண்டது. யார் என்ன கேட்டாலும் "நேர்ல வாங்க, பேசிக்கலாம்" என்றது. கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்ட ஒரு அப்பாவிக்கும் அதே பதில்தான்.

இரண்டுக்கும் அறிமுக விழா அமர்க்களமாக நடந்தது. விழாவுக்கு மறுநாள் இரண்டும் செத்தன.

மூன்றாவது, தட்டுக்குக் காது கொடுக்கும் திட்டம்.

பீங்கானில் விழும் மெல்லிய கீறல் கண்ணுக்குத் தெரியாது. விரலால் சுண்டினால் தெரியும். நல்ல தட்டு 'ணங்' என்று பாடும். கீறல் விட்டது 'டொக்' என்று இருமும். எங்கள் தெருவில் அந்தத் தட்டுக்குப் பெயரே டொக்கு. எங்கள் கடையில் சுண்டிப் பார்ப்பவர் மோதிரக்கா. நடுவிரலில் ஒரு எவர்சில்வர் மோதிரம், அதனால் அந்தப் பெயர். ஒரு நாளைக்கு ஆயிரம் தட்டு சுண்டுவார், கூடவே ஊர்க்கதையும் பேசுவார், ஒரு டொக்கும் அவரைத் தாண்டாது. அவரிடம் என் திட்டத்தைச் சொன்னபோது, "மிஷினு வந்தா நான் உக்கார ஒரு நாற்காலி போடுவீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியை நான் குறித்துக்கொள்ளவில்லை. பயனாளரின் தேவை என்று தனியாக நாற்பது பக்க அறிக்கை வைத்திருந்தேன்.

அண்ணன் ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. பெரிய ஹோட்டல் ஒன்று அறுநூறு தட்டு கேட்டிருந்தது. அவர்கள் இடத்தில், அவர்கள் கண் முன்னால், ஒவ்வொன்றையும் சோதித்த பிறகே எடுத்துக்கொள்வார்கள்.

"அன்னிக்கு உன் மிஷின் அங்க வேலை செஞ்சுதுன்னா, நீ உன் வழியில போ. இனிமே ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்" என்றார் அண்ணன். "செய்யலைன்னா திங்கள்லேருந்து சனி வரைக்கும் கடையில. எனக்குப் பக்கத்து சீட்டு."

அந்தப் பக்கத்து சீட்டு எனக்கு எப்படிப்பட்டது என்றால், அதில் உட்கார்ந்தவனுக்கு மூளை கல்லாப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடும் என்று குடும்பக் கல்யாணம் ஒன்றில் மைக் பிடித்துச் சொன்னவன் நான். இருநூறு பேர் கேட்டார்கள். அதில் நூற்றைம்பது பேர் அதே மாதிரி சீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள்.

"சரிண்ணே" என்றேன்.

மென்பொருள் எழுதிக் கொடுத்தவன் என்னோடு படித்தவன். எதைக் கேட்டாலும் சதவீதத்தில் பதில் சொல்வதால் அவனுக்குப் பர்சன்ட் என்று பெயர். சாப்பிட்டாயா என்றால் எண்பது சதவீதம் என்பான். அவன் விளக்கியது இதுதான்: நல்ல தட்டின் சத்தம் நாலாயிரம், டொக்கின் சத்தம் நாலாயிரம், எது எது என்று பெயர் போட்டுக் கொடுக்க வேண்டும். கேட்டுக் கேட்டு வித்தியாசத்தை அதுவே கண்டுபிடிக்கும். நாம் எதையும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதன் அழகும் அதுதான், வம்பும் அதுதான்.

இங்கே எங்கள் தெரு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டொக்குச் சத்தம் கடைக்குள் கேட்கவே கூடாது. வாங்க வந்தவன் காதில் ஒரு 'டொக்' விழுந்தால் போதும், மிச்சமிருக்கும் அத்தனை தட்டின் மேலும் சந்தேகம் வந்துவிடும். அதனால் சரக்கு வந்திறங்கியதும் பின்னால் இருக்கும் குடோனில் வைத்தே சுண்டிப் பிரித்துவிடுவோம். நல்லது மட்டும் கடைக்கு வரும். அதை வாடிக்கையாளர் முன்னால் மறுபடி சுண்டிக் காட்டுவோம். ணங், ணங், ணங். ஏற்கனவே பாஸான பையனைக் கூப்பிட்டு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வது போல. வாங்குகிறவர் சொக்கிப் போவார்.

ஆகவே நல்ல தட்டின் சத்தத்தைக் கடையில் பதிவு செய்தேன். டொக்கின் சத்தத்தைக் குடோனில் பதிவு செய்தேன்.

பர்சன்ட் அப்போதே கேட்டான். "ரெண்டையும் ஒரே இடத்துல எடுத்தா என்னடா?"

"கடைக்குள்ள நாலாயிரம் டொக்கா? அண்ணன் என் தலையைச் சுண்டிப் பார்த்துடுவார்டா."

"அப்ப நல்லதையும் குடோன்லயே எடு."

"கடையில நல்ல வெளிச்சம் இருக்கு."

"சத்தத்துக்கு எதுக்குடா வெளிச்சம்?"

அவன் கேட்டது நியாயம்தான். இருந்தாலும் நல்ல சரக்கைக் குடோன் இருட்டில் நிறுத்தி வைக்க எனக்குக் கை வரவில்லை. மிஷின் பார்க்கிறதா, வாடிக்கையாளர் பார்க்கிறாரா என்பதைக் கடைக்கார ரத்தம் யோசிப்பதில்லை. நல்லதை முன்னால் வை, கெட்டதைப் பின்னால் தள்ளு. செயற்கை நுண்ணறிவுக்கே நான் கடை விரித்திருக்கிறேன்.

குடோனுக்கு அடுத்த சுவர் ஐஸ் ஃபேக்டரி. அதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எனக்கு அது ஒரு சுவர், அவ்வளவுதான்.

இரண்டு மாதத்தில் மிஷின் தயார். மிஷின் என்றால் ஒரு போன். தட்டுக்குப் பக்கத்தில் வைத்துச் சுண்ட வேண்டும். நல்லது என்றால் பச்சை எரிந்து, "தட்டு நன்று. ஏற்கவும்" என்று ஒரு பெண் குரல் சொல்லும். டொக்கு என்றால் சிவப்பு எரிந்து, "கீறல் உள்ளது. நிராகரிக்கவும்" என்று சொல்லும். குரலை நானே தேர்ந்தெடுத்தேன். செய்தி வாசிப்பவர் குரல், எதைச் சொன்னாலும் நம்பும்படி இருக்கும்.

கடையில் ஐம்பது தட்டு சுண்டினோம். எல்லாம் நன்று. குடோனில் ஐம்பது டொக்கு சுண்டினோம். எல்லாம் கீறல், ஒன்றைத் தவிர.

"தொண்ணூத்தொம்பது" என்றான் பர்சன்ட். அவன் கண்ணில் நீர்.

அண்ணன்கூட ஒரு நிமிஷம் எதிர்க்கடையை மறந்து நின்றார். மோதிரக்கா மட்டும், "எந்தெந்தத் தட்டு எதுன்னு அதுக்கு முன்கூட்டியே தெரிஞ்ச மாதிரியே சொல்லுதே" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஹோட்டல் நாள் வந்தது. வேனில் அறுநூறு தட்டு, அண்ணன், நான், இறக்கிவைக்க உதவிக்கு மோதிரக்கா. பர்சன்டுக்கு வயிற்றுக் கோளாறு. எத்தனை சதவீதம் என்று நான் கேட்கவில்லை.

சரக்கு அறை அடித்தளத்தில் இருந்தது. அதன் பொறுப்பாளர் ஒரு அம்மாள். எல்லோரும் ஸ்டோர் மேடம் என்றார்கள். கழுத்தில் சாவிக்கொத்து, காதில் பேனா, நம்மைப் பார்த்ததும் எவ்வளவு குறைக்கலாம் என்று கணக்குப் போடும் கண். எங்கள் தெருவில் பிறந்திருக்க வேண்டியவர். சுவரோரமாக ஆள் உயரத்துக்கு ஒரு பழைய ஃப்ரீசர், அதன் பக்கத்தில் ஒரு நீள மேஜை.

"ஆரம்பிங்க" என்றார்.

முதல் தட்டை மேஜையில் வைத்தேன். போனைப் பக்கத்தில் வைத்தேன். சுண்டினேன்.

"கீறல் உள்ளது. நிராகரிக்கவும்."

"ஒண்ணு ரெண்டு அப்படி வரும் மேடம்" என்று சிரித்தேன். அடுத்தது. கீறல் உள்ளது. அடுத்தது. கீறல் உள்ளது. பத்துத் தட்டு, பத்தும் கீறல். அந்தச் செய்திக் குரல் அசையவே இல்லை, ஏதோ வெள்ளச் சேதத்தை வாசிப்பது போல வாசித்துக்கொண்டே போனது.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். தட்டு சும்மா இருந்தது.

"உங்க மிஷின்தானே?" என்றார் ஸ்டோர் மேடம்.

"எங்களுதுதான் மேடம். கொஞ்சம் கறார்."

"கறாரா இருந்தா நல்லதுதானே. அறுநூறும் கீறல்னா நாப்பது பர்சன்ட் குறைச்சுக்குங்க. எடுத்துக்கறேன்."

"பதினஞ்சு" என்றது என் வாய்.

சத்தியமாக நான் சொல்லவில்லை. பேரம் என்று ஒன்று ஆரம்பித்துவிட்டால் எங்கள் வீட்டு வாய்கள் எங்கள் பேச்சைக் கேட்பதில்லை.

"டேய்" என்றார் அண்ணன் மெல்ல. "நல்ல தட்டுக்கு எதுக்குடா பதினஞ்சு?"

மோதிரக்கா முன்னால் வந்தார். பத்துத் தட்டையும் வரிசையாகச் சுண்டினார். ணங், ணங், ணங். பத்தும் கோயில் மணி. "எல்லாம் சுத்தமான தட்டும்மா" என்றார்.

ஸ்டோர் மேடம் கையைக் கட்டிக்கொண்டார். "அவங்க உங்க ஆளு. மிஷினும் உங்க ஆளு. ரெண்டு பேரும் ரெண்டு விதமா சொன்னா நான் யாரை நம்பறது? விலை குறைக்கச் சொல்ற ஆளைத்தான் நம்புவேன்."

அந்த நேரம் பார்த்து ஃப்ரீசர் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அறையில் திடீரென்று அமைதி. அதுவரை அங்கே ஒரு இரைச்சல் இருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

பதினோராவது தட்டைச் சுண்டினேன்.

"தட்டு நன்று. ஏற்கவும்."

பன்னிரண்டு. நன்று. பதிமூன்று. நன்று. அண்ணன் முகத்தில் உயிர் வந்தது. "பாத்தீங்களா மேடம், இப்பத்தான் சூடாயிருக்கு" என்றார்.

நான் மட்டும் நின்றுபோன ஃப்ரீசரைத் திரும்பிப் பார்த்தேன். ஐஸ் ஃபேக்டரி. குடோன் சுவருக்கு அந்தப் பக்கம் முப்பது வருஷமாக ஓடும் மோட்டார். எங்கள் காதுகளுக்கு அது சத்தமே இல்லை. மிஷினுக்கு அதுதான் சத்தம். நாலாயிரம் டொக்கிலும் அந்த இரைச்சல் இருந்தது, நாலாயிரம் நல்ல தட்டிலும் அது இல்லை. என் மிஷின் ஒரு தட்டைக்கூடக் காது கொடுத்துக் கேட்டதில்லை. மோட்டார் ஓடினால் கீறல், ஓடாவிட்டால் நன்று. இதைக் கண்டுபிடிக்க அதற்கு இரண்டு மாதம், எனக்கு மூன்று தட்டு.

இந்த இடத்தில் யோக்கியன் ஒருவன் என்ன செய்திருப்பான் என்று எனக்குத் தெரியும். நான் செய்தது வேறு. ஃப்ரீசர் மறுபடி ஓடுவதற்குள் அறுநூறையும் முடித்துவிடலாமா என்று பார்த்தேன். ஆர்டரும் பிழைக்கும், நானும் பிழைப்பேன், அந்த சீட்டும் காலியாக இருக்கும். இரண்டு கையாலும் சுண்டினேன். செய்திக் குரல் மூச்சு விட நேரம் இல்லாமல் நன்று நன்று என்றது. ஸ்டோர் மேடம், "மெதுவா, மெதுவா" என்கிறார். "நேரம் பொன்னாச்சே மேடம்" என்கிறேன். நெற்றியில் வியர்வை. நாற்பது, ஐம்பது, அறுபது.

மிஷின் ஏற்றுக்கொண்ட தட்டுகளை மோதிரக்கா அடுக்கிக்கொண்டிருந்தார். வெறுமனே அடுக்க அவருக்கு வராது. விரல் தானாக ஒரு சுண்டு சுண்டும். திடீரென்று அவர் கை நின்றது.

டொக்.

மறுபடி சுண்டினார். டொக். தட்டைத் தனியாக எடுத்து மேஜை ஓரத்தில் கவிழ்த்து வைத்தார்.

"இது டொக்கும்மா. வண்டியில அடிபட்டிருக்கும்" என்றார், மழை வரும்போல இருக்கிறது என்பது மாதிரி.

வாங்குகிறவர் முகத்துக்கு நேராக, எங்கள் சரக்கை, எங்கள் ஆளே. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

ஸ்டோர் மேடம் தட்டை எடுத்துப் பார்த்தார். அவரும் சுண்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்க மிஷின் இதை நல்லதுன்னுச்சே?"

வாய் திறந்தேன். ஈரப்பதம், அதிர்வெண், அளவுத்திருத்தம் என்று மூன்று சொற்கள் வரிசையில் வந்து நின்றன. ஸ்டோர் மேடத்துக்கு மூன்றையும் விற்றிருக்கலாம். ஆனால் அந்தப் பக்கம் மோதிரக்கா நின்றார். அடுத்து நான் ஏற்கச் சொல்லப்போகும் ஐந்நூற்றுச் சொச்சத்தில் எத்தனை டொக்கு இருக்கிறதோ, அதில் சூடாக எதையாவது ஊற்றிக்கொண்டு போகும் பரிமாறுபவரின் கையும் மனதில் வந்து நின்றது. தட்டு இரண்டாகப் பிளந்தால் அந்தக் கைக்கு யார் பதில் சொல்வது? செய்திக் குரலா?

"மேடம், அது தட்டைக் கேக்கல" என்றேன். "உங்க ஃப்ரீசரைக் கேக்குது."

விளக்கினேன். கடை, குடோன், ஐஸ் ஃபேக்டரி, எல்லாவற்றையும். ஸ்டோர் மேடம் நம்பவில்லை. நேரே போய் ஃப்ரீசரை ஓங்கி ஒரு தட்டுத் தட்டி மறுபடி ஓட வைத்தார். திரும்பி வந்து தன் சாவிக்கொத்தால் மேஜையைத் தட்டினார். "கீறல் உள்ளது. நிராகரிக்கவும்." தன் கைக்கடிகாரத்தைத் தட்டினார். கீறல் உள்ளது. எட்டி அண்ணனின் வழுக்கையை ஒரு சுண்டு சுண்டினார். கீறல் உள்ளது.

முதலில் சிரித்தவர் மோதிரக்கா. பிறகு ஸ்டோர் மேடம். நாற்காலியில் உட்கார்ந்து, சாவி குலுங்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அண்ணன் மண்டையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில் திங்கள் முதல் சனி வரை எழுதியிருந்தது.

"தன் கடைத் தட்டையே டொக்குன்னு சொல்ற ஆளு இவங்க" என்றார் ஸ்டோர் மேடம், மோதிரக்காவைக் காட்டி. "மிச்சத்தை இவங்களே பாக்கட்டும். இவங்க சரின்னு சொன்னா சரி. ஒரு பர்சன்ட்கூடக் குறைக்க வேணாம்." மோதிரக்காவுக்கு ஒரு நாற்காலியும் போடச் சொன்னார்.

அறுநூறில் ஏழு டொக்கு. மாற்றித் தருவதாக அண்ணன் சொன்னார்.

கிளம்பும்போது ஸ்டோர் மேடம் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இந்த ஃப்ரீசர் வாரத்துக்கு ரெண்டு தரம் நின்னுடுது. யாரும் கவனிக்கறதில்ல. உள்ள இருக்கறதெல்லாம் வீணாப் போகுது. அது நின்னா எனக்குப் போன் பண்ணுமா உங்க மிஷின்?"

கொஞ்ச நேரம் முன்னால் இறந்தவன் எழுந்து உட்கார்ந்தேன். "நூத்துக்கு நூறு மேடம்" என்றேன். அறிக்கை இல்லை, விழா இல்லை, பர்சன்டைப் போனில் பிடித்து நாலு வரி மாற்றச் சொன்னதோடு சரி. போனை ஃப்ரீசர் மேல் வைத்துவிட்டு வந்தோம்.

வேனில் முன் சீட்டில் மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். நடுவில் மோதிரக்கா.

"திங்கட்கிழமை காலையில ஒம்போது மணி" என்றார் அண்ணன்.

"மிஷின் வேலை செய்யுதுல்லண்ணே. அவங்க இடத்துல, அவங்க கண் முன்னாடி."

"தட்டுக்குன்னு பேசினோம். ஃப்ரீசருக்குன்னா பேசினோம்?"

"வேலை செஞ்சான்னுதான் பேசினோம். எதுக்குன்னு பேசல. அக்கா, நீங்க சொல்லுங்க."

"என்னை எதுக்கு இழுக்கறீங்க? பேரம் ரெண்டு பேர் பேசறது" என்றார் மோதிரக்கா. ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணன் ஆறு நாள் என்றார். நான் ஒன்று என்றேன். அவர் ஐந்து என்றபோது சிக்னலில் நின்றோம். நான் இரண்டு என்றபோது பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. கடை வாசலில் நான்குக்கு முடிந்தது. வாரத்தில் நான்கு நாள் பக்கத்து சீட்டு, இரண்டு நாள் என் நுண்ணறிவு. அண்ணனிடம் இரண்டு நாள் பிடுங்கியதை நினைத்து அன்று முழுக்க மிதப்பாக இருந்தேன். ஆறிலிருந்து ஆரம்பித்தவர் நான்கை மனதில் வைத்துத்தான் ஆரம்பித்தார் என்பது சீட்டில் உட்கார்ந்த பிறகு புரிந்தது. மூளை சுருங்குவதாகத் தெரியவில்லை. இடுப்புதான் வலித்தது.

பெருமையோடு சொல்கிறேன், மிஷின் ஹோட்டலில் ஐந்து வாரம் வேலை செய்தது. என் வாழ்நாள் சாதனை அது. ஃப்ரீசர் நின்றபோதெல்லாம் ஸ்டோர் மேடத்துக்குப் போன் போனது. ஒரு தடவைகூடத் தவறவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் அண்ணனே, "தம்பி மிஷின் பெரிய ஹோட்டல்ல ஓடுது" என்று சொல்ல ஆரம்பித்தார். எதற்காக ஓடுகிறது என்பதை இருவருமே சொல்லவில்லை.

ஆறாவது வாரம் ஸ்டோர் மேடம் கடைக்கே வந்தார். போனை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"என்ன மேடம், தப்பா சொல்லிச்சா?"

"சரியா சொல்லிச்சு தம்பி. அதுதான் பிரச்சினை. குளிக்கறப்ப, சமைக்கறப்ப, மாமியார் பேசிட்டு இருக்கறப்ப, வாரத்துக்கு ரெண்டு தரம் கூப்பிட்டுக் கூப்பிட்டு முதலாளி காதுக்கே போயிடுச்சு. புது ஃப்ரீசர் வாங்கிட்டாங்க."

"அப்புறம்?"

"புதுசு சத்தமே போடாது. இது என்னடான்னா ஃப்ரீசர் நின்னுடுச்சு, ஃப்ரீசர் நின்னுடுச்சுன்னு பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கூப்பிடுது. நேத்து மட்டும் நூத்தி நாலு தரம்." அலமாரியைப் பார்த்தார். "அது கிடக்கட்டும். இருநூறு கிண்ணம் வேணும். நல்லதா காட்டுங்க."

காட்டினேன். நாற்பது நிமிஷம் பேரம் பேசினோம். இரண்டு தரம் அவர் எழுந்து போனார், ஒரு தரம் நானே போங்கள் என்றேன், மூன்றாவது தரம் வாசல்படியில் முடிந்தது. ஸ்டோர் மேடம் போன பிறகுதான் சட்டை நனைந்திருப்பதைக் கவனித்தேன். சந்தோஷமாக இருந்தது என்பதை இங்கே எழுதுகிறேன். அண்ணன் இதைப் படிக்க மாட்டார்.

அண்ணன் மேஜை மேல் கிடந்த போனைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். "அப்ப மிஷின் எங்கயும் ஓடல."

"இப்போதைக்கு ஓடல."

"அப்ப அந்த ரெண்டு நாளும் கடைக்கு."

"ஒரு நாளாவது விடுங்கண்ணே."

"அரை நாள்."

"முக்கால்."

"அரை" என்றார் அண்ணன். நானும் ஆறு நாளிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும்.